லிவ்ரெஸ் து புவ்வார் (திரைப்படம்)

லிவ்ரெஸ் து புவ்வார் 2006ஆம் ஆண்டு வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம். குற்ற விசாரணையும் அரசியல் நையாண்டியும் கலந்த இப்படத்தைக் குளோத் ஷப்ரோல் இயக்கினார். ஓதில் பார்ஸ்கியும் ஷப்ரோலும் திரைக்கதை எழுதினர். இசபெல் யூப்பேர் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலும் படம் இடம்பெற்றது. 'அதிகார போதை' என்பது தலைப்பின் பொருள்.

பின்னணி

பிரான்சை உலுக்கிய எல்ஃப் ஊழல் வழக்கே படத்தின் மூலம். எல்ஃப் அக்கித்தேன், அரசுக்குச் சொந்தமாக இருந்து 1994இல் தனியார்மயமான எண்ணெய் நிறுவனம். அதன் பணம் அரசியல் தரகர்களுக்கும் ஆப்பிரிக்க ஆட்சியாளர்களுக்கும் உயர் அதிகாரிகளின் சொகுசு வாழ்க்கைக்கும் போனதை விசாரணை நீதிபதி ஏவா ஜோலி வெளிக்கொணர்ந்தார். இவர் நார்வேயில் பிறந்தவர். பிரெஞ்சு முறையில் விசாரணை நீதிபதி தீர்ப்பு சொல்பவர் அல்லர். ஆவணங்களைக் கைப்பற்றி, சந்தேக நபர்களை நேரில் விசாரித்து, வழக்கை உருவாக்குபவர். 2003 நவம்பரில் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லொயிக் லெ ஃப்ளோக்-பிரிஜானுக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

படம் எல்ஃப் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உண்மைச் சம்பவங்களை ஒத்திருந்தால் அது தற்செயலே என்ற வழக்கமான அறிவிப்பையே ஷப்ரோல் தொடக்கத்தில் கேலியாக்கிவிடுகிறார்.

கதை

நிறுவனத் தலைவர் மிஷெல் யூமோ (பிரான்சுவா பெர்லேயான்) கைதாகிறார். சிறை வாசலில் இடுப்பு வார், காலணிக் கயிறு உட்பட எல்லாவற்றையும் கழற்றித் தர வேண்டியிருக்கிறது. தோல் அரிப்பைச் சொறிந்தபடி நிற்கும் அவரிடம் பழைய மிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. சிவப்புக் கையுறை அணிந்து வரும் நீதிபதி ழான் ஷார்மான்-கில்மான் பெரும்புள்ளிகளை ஒருவர் பின் ஒருவராகத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைக்கிறார். மிரட்டல்கள் வருகின்றன. அவருக்குத் துணையாக இன்னொரு பெண் நீதிபதியை மேலிடம் நியமிக்கிறது. இருவரும் மோதிக்கொள்வார்கள் என்பது கணக்கு, அவர்களோ தோழிகளாகிவிடுகிறார்கள். இதற்கிடையே கணவர் பிலிப்புடனான (ரொபேன் ருனுச்சி) ழானின் இல்லறம் சிதைகிறது.

மதிப்பீடு

ஊழல் செய்தவர்களை மட்டும் தோலுரிப்பதோடு படம் நின்றிருந்தால் அது ஒரு வழக்கின் பதிவாக முடிந்திருக்கும். அவர்களை விரட்டும் நீதிபதிக்கும் அதிகாரம் தலைக்கேறுவதைக் காட்டியதே ஷப்ரோலின் துணிவு. கேள்வி கேட்கும்போது யூப்பேரின் முகத்தில் எட்டிப்பார்க்கும் புன்னகையில் நியாய உணர்வும் வெற்றிக் களிப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. குற்றவாளிகள் மாறினாலும் அமைப்பு அசையவில்லை என்பதையும் படம் ஒளிக்காமல் சொல்கிறது.

1978இல் 'வியொலெத் நோசியேர்' படத்தில் தொடங்கிய ஷப்ரோல்–யூப்பேர் கூட்டணியின் ஏழாவது படம் இது. இருவரும் சேர்ந்த கடைசிப் படமும் இதுவே. ஷப்ரோல் 2010 செப்டம்பரில் காலமானார்.