குரப்பா செட்டி, ஜொன்னலகட்டா
ஆந்திரத்தின் காளத்தியைச் (ஸ்ரீகாளஹஸ்தி) சேர்ந்த கலம்காரித் துணி ஓவியர், பிறப்பு 1937. இவ்வூர் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தந்தை லட்சுமையாவும் கலம்காரிக் கலைஞர். மகன் நிரஞ்சனும் இக்கலையைத் தொடர்கிறார்.

செய்முறை: பருத்தித் துணியைக் கடுக்காய், பால் கலவையில் தோய்த்து உலர்த்துவர். துணி சுற்றிய மூங்கில் எழுதுகோலால் கையாலேயே கோடு வரைவர். அச்சுக்கட்டையைப் பயன்படுத்தும் மசூலிப்பட்டினக் கலம்காரியிலிருந்து காளத்திக் கலம்காரி இவ்வகையில் வேறுபடும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்துக் கறுப்பும், படிகாரம் பூசிச் சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பும், அவுரியால் நீலமும் பெறுவர். ஒவ்வொரு கட்டத்திலும் துணியை அலசுவர்.

கருப்பொருள்: இராமாயணம், மகாபாரதம், புராணங்கள்.

வரலாறு: நலிந்திருந்த இக்கலைக்கு, கைவினைக் கலைகளின் மீட்புக்கு உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950களில் காளத்தியில் பயிற்சி மையம் அமைந்தது. குரப்பா செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.