எல்லையில் எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியிருந்து வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு அக்கண்கள் இருமடங்காய் வாய்த்திருக்கின்றன. வீட்டில் தமிழ் நெடுங்கணக்கு. வெளியில் மலையாள நெடுங்கணக்கு. இவ்விரண்டிலும் எழுத்தை எண்ணோடு இணைத்து இந்நிலத்தார் கண்ட கணக்குகளை இம்மலரில் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் தமிழ். உயிர் 12, மெய் 18. இரண்டையும் பெருக்க உயிர்மெய் 216. ஆய்தம் ஒன்றையும் சேர்க்க 247. திண்ணைப் பள்ளிச் சிறுவனும் அறிந்த இக்கணக்கு ஒரு பெருக்கற் கணக்கேயாகும். யாப்பிலோ இம்முறை இன்னும் விரிகிறது. நேர், நிரை என அசை இரண்டே. அவை தனித்து நிற்கச் சீர் 2. இரண்டிரண்டாய்ச் சேர 4. மும்மூன்றாய்ச் சேர 8. நந்நான்காய்ச் சேர 16. ஆகச் சீர்கள் 30. தேமா, புளிமா என்று நாம் மனனம் செய்தவை யாவும் இக்கணக்கில் அடங்கியவையே.

இனி நம் எல்லைப் புறத்துக்கு வருவோம். முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் எடுத்து, 95 சட்டர் தங்கிக் கற்கச் சாலையும் அமைத்தான். அந்த அறத்தைக் கூறும் செப்பேடு, கலியுகம் பிறந்து 14,49,087 நாள் சென்றதாகக் காலம் குறிக்கிறது. அது கி.பி. 866ஆம் ஆண்டு. அரசன் ஆண்ட ஆண்டைக் கூறுவதோடு அமையாது, கடந்த நாள்களையே ஒவ்வொன்றாய் எண்ணும் வழக்கம் இந்நிலத்தில் அத்துணைப் பழமையானது.

இத்தகைய பேரெண்களை நினைவில் நிறுத்துவது எங்ஙனம்? அதற்கு மலைநாட்டார் கையாண்ட வழியே கடபயாதி. மலையாளத்தில் இதனைப் பரல்பேரு என்றும் வழங்குவர். வடமொழி மெய்யெழுத்து வரிசையில் ககரம் முதல் பத்தெழுத்தும், டகரம் முதல் பத்தெழுத்தும் 1 முதல் 9 வரையும் பின் சுழியும் ஆகும். பகரம் முதல் ஐந்தெழுத்து 1 முதல் 5 வரை. யகரம் முதல் ஒன்பதெழுத்து 1 முதல் 9 வரை. தனித்து நிற்கும் உயிர் சுழி. சொல்லை எழுத்தாக்கி வலமிருந்து இடமாகப் படித்தால் எண் கிடைக்கும். கேரளத்து அரிதத்தர் கி.பி. 683இல் இம்முறையைத் தம் வானநூலில் ஆண்டார். மேல்புத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை முடித்த நாளாகிய கலி 17,12,210, அந்நூலின் இறுதிச் சொற்றொடரிலேயே பொதிந்துள்ளது, அது கி.பி. 1586. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கமும் இவ்வாறு எண்ணைச் சொல்லாக்கிய சந்திர வாக்கியங்களால் பெயர் பெற்றதே.

ஓர் எண்ணை எத்தனை வகையாக எழுதலாம்? 1 முதல் 5 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு மெய்கள் உள்ளன. 6 முதல் 9 வரை மும்மூன்று. ஆதலின் 1956 என்னும் எண்ணுக்கு 4 × 3 × 4 × 3, அதாவது 144 மெய்க்கோவைகள் உண்டு. அவற்றில் எவ்வுயிரை ஏற்றினும் எண் மாறாது. ஆகவே பொருளுள்ள சொல்லொன்றைத் தேர்ந்துகொள்ளப் புலவனுக்கு இடம் தாராளம்.

இதே முறையைத் தமிழெழுத்தில் எழுதிப் பார்ப்போம். தீரசங்கராபரணம் 29ஆம் மேளகர்த்தா என்பதை இசை பயிலும் நம் சிறார் அறிவர். அதன் முதலெழுத்து வடமொழியில் நான்காம் தகரம், மதிப்பு 9. ரகரம் 2. திருப்பிப் படிக்க 29. தமிழிலோ தகரம் ஒன்றே. அது 6, 7, 8, 9 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கக்கூடும். ஆகவே 26ஆம் சாருகேசியோ, 27ஆம் சரசாங்கியோ, 28ஆம் அரிகாம்போதியோ எனவும் மயங்க நேரும். இது தமிழுக்குக் குறையன்று. 'தந்தம்' என்னும் சொல்லில் முதல் தகரமும் இடைத் தகரமும் வேறு வேறாய் ஒலிப்பதை இடம் நோக்கி நம் நாவே அறியும். அதற்குத் தனியெழுத்து வேண்டுவதில்லை. சிக்கனம் ஓரெழுத்தின் அழகு. விரிவு மற்றோர் எழுத்தின் ஆற்றல்.

தமிழர் எண்ணுக்கு வேறு வழி கொண்டனர். க 1, உ 2, எ 7, அ 8 என எழுத்து வடிவே இலக்கமாயிற்று. கடபயாதியிலும் ககரம் 1தான். ஆயின் உகரமும் எகரமும் அகரமும் அங்கே சுழி! பாட்டனார் விட்டுச் சென்ற பழைய நில ஓலையில் 'அ' என்றிருப்பதை எட்டு என்று அறியாத பேரன், தன் புரையிடத்தின் அளவையே இழப்பான் அன்றோ?

இவ்வச்சம் வீணன்று. 1945இல் நாகர்கோவிலில் தோன்றிப் பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கம், நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிற்று. மொழி பேசுவோர் தொகை வட்டந்தோறும் கணக்கிடப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன சென்னை மாநிலம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உறவினர் பலர். அவர்தம் மக்கள் பள்ளியில் முதலிற் கண்ட எழுத்தோ வெவ்வேறாயிற்று.

இன்று அவ்வெல்லைச் சாலையில் ஓடும் ஊர்திகளைக் காண்க. பாறசாலைக்கு கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு கே.எல். 20, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. ஆங்கில எழுத்து 26. அவற்றுள் ஐ, ஓ இரண்டும் 1, 0 எனத் தோன்றி மயக்குமாதலின் விலக்கப்படுகின்றன. எஞ்சிய 24இல் ஈரெழுத்துக் கோவைகள் 576. ஒவ்வொன்றிலும் 9,999 இலக்கம் பொருத்த 57,59,424 எண்கள் ஆகும். இரண்டெழுத்தைத் தள்ளியதால் இழந்தவை 9,99,900. ஈரெழுத்தை விட்டதற்கே ஏறத்தாழப் பத்து இலட்சம் போயிற்றென்றால், ஒரு நெடுங்கணக்கையே விட்டவர் இழப்பதை எண்ணவும் கூடுமோ?

ஆதலின், விசயதசமியன்று அரிசியில் நம் குழந்தையின் விரல் பிடித்து மலையாள எழுத்தை எழுதுவிக்கும் அதே வேளையில், அதன் அருகே தமிழ் அகரத்தையும் எழுதுவிப்போம். அகரம் எழுத்தும் ஆம், எட்டும் ஆம் என்று சொல்லிக் கொடுப்போம். இரு கணக்கும் கற்ற மக்களால் நம் சங்கம் ஆண்டுதோறும் சிறக்க!