ஸ்டாப்வாட்ச் சொல்லாமல் விட்ட கதை

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவு கார் பந்தயம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு மாலை நடை வரும் எங்கள் கோஷ்டியில் ஒரு வாரம் அதே பேச்சுதான். "மெட்ராஸுக்கு ரேஸ் எல்லாம் புதுசு சார்" என்றார் ஒருவர். புதுசா? சோழவரம் என்று ஒரு ஊர் இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் விமானம் வரவில்லை, கார் வந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. கரிவரதன், விஜய் மல்லையா எல்லாரும் அங்கே ஓட்டியவர்கள். கல்லூரி நாட்களில் நானும் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். காரை விட, கோட்டருகே ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் எனக்குக் கண். கார் கடக்கும், கட்டைவிரல் அழுத்தும், பென்சில் எழுதும். அவ்வளவுதான் சரித்திரம்.

அந்தக் கட்டைவிரலை எவ்வளவு நம்பலாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 180 கி.மீ. என்றால் வினாடிக்கு 50 மீட்டர். விரல் 0.1 வினாடி பிந்தினால் 5 மீட்டர் போச்சு, ஒரு காரின் நீளத்துக்கும் மேல். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிந்தினால் கழிந்துவிடும். ஆனால் மனிதக் கை அப்படி ஒரே சீராக இயங்குவதில்லையே!

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே 3.7 கி.மீ. தடம் திறந்தார்கள். இன்றைய பந்தயங்களில் ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. தடத்துக்கு அடியில் புதைத்த கம்பியைக் கடக்கும்போது அது தன் எண்ணைச் சொல்லும். கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு. அதுவும் போதாமல் போனதுண்டு. 1997-இல் ஸ்பெயின் ஜெரெஸில் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் வில்நோவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவருக்கும் ஒரே நேரம்: 1 நிமிடம் 21.072 வினாடி. முதலில் அந்த நேரத்தை எடுத்தவர் என்பதால் வில்நோவுக்கு முதலிடம்.

ஆனால் இவை எல்லாமே ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? எந்த வளைவில் நேரம் போயிற்று என்பதைச் சொல்ல, காருக்கு உள்ளேயே பதிவு செய்யும் கருவி வேண்டியிருந்தது. பெரிய குழுக்களிடம் அது முன்பே உண்டு. சாதாரண ஆளுக்கு வழி திறந்தது 2000 மே மாதத்தில். ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்கா அப்போதுதான் நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தடுமாறிய இடக்குறிப்பு சில மீட்டருக்குள் வந்தது.

என் அக்கா பையன் தன் சொந்தக் காரை 'டிராக் டே'க்கு இருங்காட்டுக்கோட்டை கொண்டுபோகிறவன். உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கண்ணாடியருகே ஒட்டியிருக்கிறான். இடத்தையும் வேகத்தையும் வினாடிக்குப் பத்து முறை குறிக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் லேப்டாப்பில் இரண்டு சுற்றுகளின் வேகக் கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினான். டயர் கிறீச்சிட, வீராவேசமாக ஓட்டிய சுற்றுதான் மெதுவான சுற்று! வளைவுக்குள் வேகமாகப் புகுந்து, தடுமாறி, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தாமதம். அந்தத் தாமதத்துக்கு அடுத்த நேர்ப்பாதை முழுவதும் வட்டி கட்டியிருக்கிறான். அமைதியாக ஓட்டிய சுற்றில் கோடு முன்னதாகவே மேலே ஏறியிருந்தது. "காது பொய் சொல்லுது மாமா, கோடு சொல்லாது" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சோழவரம் நினைவுக்கு வந்தது. ஓடுதளத்தின் முனையில் எந்த இடத்தில் பிரேக் மிதித்தார்கள், வளைவில் எவ்வளவு வேகம் தாங்கினார்கள், ஒருவரை விட இன்னொருவர் எங்கே கெட்டிக்காரர்? எதற்கும் பதிவு இல்லை. உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய ஒரு தலைமுறையின் திறமை, அட்டையில் ஒரு பென்சில் எண்ணாகச் சுருங்கிவிட்டது. இன்று வார இறுதியில் ஆசைக்கு ஓட்டும் ஒரு பையனிடம் இருக்கும் விவரம், அன்றைய சாம்பியன்களைப் பற்றி நம்மிடம் இல்லை.

அந்த அட்டைகளாவது எங்கே? மயிலாப்பூர், அடையாறு வீடுகளின் பரண்களில் சில இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ சோழவரத்தில் ஓட்டியிருந்தால், நேரம் குறித்திருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். அப்படியே உங்கள் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நம் ஊர்ப் பந்தயச் சரித்திரத்துக்கு இருக்கும் 'டேட்டா' அதுதான்.