1 டொலர் 99 சதத்துக்குக் கிடைத்த ‘நெஸ்பித்’

ரொறொன்ரோவில இருந்து பெரியம்மாவின் மகன் வந்தபோது தந்த பழைய இறுவட்டுகளில் ஒன்றின் மேல் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியபடி இருக்கிறது: 1 டொலர் 99 சதம். 90களின் கடைசியில் பாவித்த சீடி விற்கிற கடையொன்றில், மலிவுப் பெட்டியைக் கிண்டி எடுத்ததாம். “அட்டையில இருந்த பேரை வாசிக்கவே ஏலாமல் இருந்தது. அதுக்காகவே வாங்கினனான்” எண்டார் அண்ணா. நான் போட்டுக் கேட்டன். ஒரு நிமிசம் போகேல்ல, குசினிக்குள்ள இருந்து அம்மா “ஆரடா அது சத்தியெடுக்கிறது?” எண்டு கேட்டா.

குழுவின் பெயர் டெமிலிச். பின்லாந்தின் குவோப்பியோ நகரத்துப் பெடியள் 1990இல் தொடங்கியது. ‘நெஸ்பித்’ 1993இல் வந்தது, அவர்களின் ஒரே முழு அல்பம். 11 பாட்டு, 39 நிமிடம். முள்ளந்தண்டைக் குறிக்கும் ‘த ஸ்பைன்’ என்ற ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் இந்தத் தலைப்பு வரும். பாடுகிற அன்ற்றி போமனின் குரல் தொண்டையில இருந்து வாறதாத் தெரியேல்ல, வயித்துக்கு அடியில இருந்து ஏப்பம் மாதிரி எழும்புது. அந்தக் குரலுக்கு எந்த மின்கருவி வித்தையும் பாவிக்கவில்லை என்று அவர்களே சொல்லவேண்டி வந்தது. கிற்றார்கள் ஒரு திசையில் போகும், நீங்கள் தாளத்தைப் பிடித்துவிட்டதாக நினைக்கும்போது நழுவி வேறு பக்கம் திரும்பும். முதல்தரம் எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நாலாம் தரம் கேட்கேக்க ஒரு திருப்பத்தில தலை தானா ஆடிச்சுது.

இந்த மாதிரி அல்பங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாகச் சொல்வது, “காலத்தை முந்திய படைப்பு” என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெஸ்பித் தன் காலத்துக்குள்ளேயே பிறந்தது. பிழைத்தது வந்து சேர்ந்த நேரம்.

80களின் கடைசியில் டெத் மெற்றல் பரவியது தபாலால். ஒரு குழு நாலு பாட்டை கசற்றில் பதிந்து விற்கும். வாங்கினவர் அதைப் பிரதிபண்ணி வேறொரு நாட்டில் இருக்கிறவருக்கு அனுப்புவார், பதிலுக்கு அங்கத்தைய கசற் வரும். முத்திரையில் சவர்க்காரம் பூசி அனுப்புவார்கள், தபால்கந்தோர் மை கழுவினால் போய்விடும், திரும்பப் பாவிக்கலாம். (எங்கட றெக்கோடிங் பார் காலத்து ஆக்களுக்கு இந்தப் பிரதிபண்ணுற பைத்தியம் நல்லா விளங்கும்.) டெமிலிச்சும் 1991, 92இல் நாலு டெமோ விட்டார்கள். ஆயிரக்கணக்கான குழுக்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்த வலை அது. மற்றவரைப்போல இல்லாமல் இருக்கவேண்டும் என்ற போட்டியும் அதற்குள்ளேயே இருந்தது. போமனின் குரலும் அந்தக் கிற்றார்களும் அந்தப் போட்டியின் பிள்ளைகள்.

பிறகு காசு வந்தது. 1990இல் சுவீடனின் என்ரோம்ப்ட் முதல் அல்பத்தை வெளியிட்டது. 1993இல் கொலம்பியா போன்ற பெரிய கொம்பனி ஒன்று, சிறிய எயரேக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு இந்தக் குழுக்களை அமெரிக்கக் கடைகளுக்குக் கொண்டுபோனது. சின்னக் கொம்பனிகளும் கையில் கிடைத்ததையெல்லாம் அச்சடித்தன. சந்தை நிரம்பி வழிந்தது. அதே 1993 ஓகஸ்ற்றில் நோர்வேயில் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். தேவாலய எரிப்பு, கொலை என்று பத்திரிகைகளின் கண் பிளாக் மெற்றல் பக்கம் திரும்பியது. ஒரு சில வருசத்துக்குள் கொலம்பியா ஒப்பந்தமும் முடிந்துபோனது.

நெஸ்பித்தை வெளியிட்டது கலிபோர்னியாவின் நெக்ரொபொலிஸ் என்ற சின்னக் கொம்பனி. குழுவோ அல்பம் வந்த கையோடு கலைந்துவிட்டது. மேடை ஏறி விற்க ஆளில்லாத ஒரு அல்பம், வாசிக்க முடியாத பெயர், பாட்டின் தலைப்புகளோ ஒரு பந்தி நீளம். கடைக்காரர் எந்தத் தட்டில் வைப்பார்?

அமெரிக்கக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. விற்காத இசைத்தட்டின் உறையில் ஒரு மூலையை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் துளை போடுவார்கள். இனி இதைத் திருப்பி அனுப்பிக் காசு கேட்க முடியாது என்பதற்கான அடையாளம் அது. அப்படி வெட்டுப்பட்டவையும், ஆக்கள் அலுத்து வித்துப்போட்டுப் போனவையும் ஒன்றாக மலிவுப் பெட்டிக்குள் விழுந்தன. நல்லது கெட்டது பார்த்து விழேல்ல. அண்ணாவின் பிரதியில் வெட்டு இல்லை, அதாவது ஆரோ ஒராள் வாங்கி, கேட்டு, வேண்டாம் எண்டு விட்டிருக்கிறார். அந்த ஆளைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறனான்.

பிறகு நடந்ததும் பழைய கசற் வலையின் தொடர்ச்சிதான். இணையம் வந்ததும் டெமிலிச் தங்கட பாட்டுகளைத் தங்கட தளத்தில் சும்மா பதிவிறக்க விட்டார்கள். கேட்டவர்கள் கூடினார்கள். 2014இல் பின்லாந்தின் ஸ்வார்ட் நிறுவனம் அல்பம், டெமோக்கள், 2006இல் பதிந்த பாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பாக வெளியிட்டது. இன்றைக்கு ரொறொன்ரோவின் ரூம் மோல்ட் குழுவைக் கேட்டால் பழைய பின்லாந்து டெத் மெற்றலின் வாடை பலமாக அடிக்கும். அண்ணா பெட்டி கிண்டின அதே ஊர்.

போன மாசம் அண்ணா தொலைபேசியில் அந்தச் சீடியைத் திருப்பிக் கேட்டார். விலைச்சீட்டைக் கழட்டிப்போடாதை எண்டும் சொன்னார்.