ஜேம்ஸ் ஹெரியட் (ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட்)

ஜேம்ஸ் ஹெரியட் (3 அக்டோபர் 1916 – 23 பிப்ரவரி 1995) என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கவுண்டியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தொழில் செய்த கால்நடை மருத்துவர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட்டின் புனைபெயர். ஊராரும் நண்பர்களும் அவரை ‘ஆல்ஃப்’ என்றே அழைத்தனர். ஐம்பது வயதில் எழுதத் தொடங்கிய அவருடைய நூல்கள் உலகெங்கும் சுமார் 6 கோடிப் படிகள் விற்றன. மலைச்சரிவுப் பண்ணைகள், பிடிவாதக்கார விவசாயிகள், நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுக்கள் என அந்நூல்கள் காட்டும் உலகம் அவர் வாழ்ந்ததுதான். ஆனால் ஆள், ஊர், ஆண்டு மூன்றையும் அவர் மாற்றி எழுதினார். தன் வாழ்வின் சில பகுதிகளை எழுதாமலே விட்டார்.

பிறப்பும் இளமையும்

கிராமத்து மருத்துவராக உலகம் அறிந்த வைட், தொழில் நகரங்களின் பிள்ளை. வடகிழக்கு இங்கிலாந்தில் கப்பல் கட்டும் துறைமுகமான சண்டர்லாந்தில் பிறந்தார். பிறந்து சில வாரங்களிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை கப்பல் தளத்தில் இரும்புத் தகடு பொருத்தும் தொழிலாளி. மாலையில் பேசாப்படம் ஓடும் திரையரங்குகளில் பியானோ வாசிப்பார். தாய் பாடகி, பின்னாளில் தையல் தொழில் நடத்தியவர். வருமானம் குறைவாக இருந்தபோதும் இசைக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் குறைவில்லை. யோக்கர் பகுதியில் ஆரம்பப் பள்ளியை முடித்த வைட், 1928இல் ஹில்ஹெட் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

டான் என்ற ஐரிஷ் செட்டர் நாயோடு நகரை அடுத்த குன்றுகளில் சுற்றித் திரிந்தது அவருடைய சிறுவயதின் பெரும் இன்பம். ‘மெக்கானோ’ என்ற சிறுவர் இதழில் கால்நடை மருத்துவம் பற்றி வந்த ஒரு கட்டுரை அவருக்குள் ஆசையை விதைத்தது. கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரி முதல்வர் பள்ளிக்கு வந்து ஆற்றிய உரை அதை உறுதிப்படுத்தியது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் அப்போது கண்ட கனவு. பசுவும் குதிரையும் அதில் இல்லை.

கல்வியும் முதல் வேலையும்

1933இல் கல்லூரியில் சேர்ந்த வைட், உடல்நலக் குறைவால் படிப்பில் சற்றுத் தாமதப்பட்டு 1939 டிசம்பரில் தகுதி பெற்றார். நோய் அவரை இளமையிலிருந்தே விடவில்லை. ஆசனவாய்ப் பவுத்திரத்துக்குப் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது.

அக்காலத்தில் கால்நடை மருத்துவப் பட்டதாரிகளுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊரில் குதிரைகள் குறைந்து கொண்டிருந்தன. பண்ணைத் தொழிலும் நலிந்திருந்தது. சம்பளமே இல்லாமல் சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் வேலை பார்த்த பட்டதாரிகள்கூட உண்டு. வைட்டுக்கு 1940 ஜனவரியில் பிறந்த ஊரான சண்டர்லாந்திலேயே ஒரு மருத்துவரிடம் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் தெற்கே, வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள தெர்ஸ்க் என்ற சந்தை ஊருக்குப் போனார். பிறகு அங்கேயே தொழிலை அமைத்துக்கொண்டார்.

கிர்க்கேட் தெரு, 23ஆம் எண்

தெர்ஸ்க்கில் 23, கிர்க்கேட் என்ற முகவரியில் டொனால்ட் சின்க்ளேர் மருத்துவமனை நடத்தி வந்தார். வைட்டைவிட ஐந்து வயது மூத்தவர், குதிரை வைத்தியத்தில் கைதேர்ந்தவர். போர் மூண்டிருந்த நேரம் அது. சின்க்ளேர் விமானப்படையில் சேர்ந்துவிட்டதால், மருத்துவமனையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. தான் திரும்பும்வரை வரும் வருமானம் முழுவதையும் வைட்டே வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சில மாதங்களிலேயே சின்க்ளேர் திரும்பி வந்துவிட்டார். வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்தது தெரிந்து படை அவரை விடுவித்துவிட்டது. வைட்டைப் போகவிடாமல் தன்னுடனே தொழிலில் வைத்துக்கொண்டார். டொனால்டின் தம்பி பிரையன், கால்நடை மருத்துவ மாணவர். தேர்வில் தோற்பதையும் குறும்பு செய்வதையும் ஒரே உற்சாகத்தோடு செய்தவர். நூல்களில் வரும் சீக்ஃப்ரீட் ஃபார்னனும் டிரிஸ்டனும் இந்த அண்ணன் தம்பிதான். வீட்டுக்கு நூலில் ‘ஸ்கெல்டேல் ஹவுஸ்’ என்று பெயர்.

காலையில் ஒன்று சொல்லி மாலையில் அதையே மறுப்பது, கடிந்துகொண்ட கையோடு வாரிக் கொடுப்பது ஆகிய சீக்ஃப்ரீட்டின் குணங்கள் கற்பனையல்ல. உண்மையான சின்க்ளேர் நூலில் இருப்பதைவிட விசித்திரமானவர், தந்தை அவரைக் குறைத்தே எழுதினார் என்று வைட்டின் மகன் பின்னர் பதிவு செய்தார். சின்க்ளேர் தன் சித்திரத்தை ரசிக்கவில்லை. ஆயினும் இருவரின் நட்பும் கடைசிவரை நீடித்தது.

திருமணமும் போரும்

1941 நவம்பர் 5 அன்று தெர்ஸ்க் தேவாலயத்தில் ஜோன் டான்பரியை வைட் மணந்தார். நூல்களில் வரும் ஹெலன் ஒரு பண்ணையாரின் மகள். ஜோன் ஒரு தானிய வணிக நிறுவனத்தில் செயலராக வேலை பார்த்தவர். தேனிலவு நாட்களில் பசுக்களுக்குக் காசநோய்ச் சோதனை செய்துகொண்டிருந்தது மட்டும் நூலில் உள்ளபடியே நடந்தது. மலைப்பள்ளத்தாக்கில் உள்ள கார்ப்பர்பி கிராமத்து விடுதியில் தங்கி, பகலில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார்கள். மருத்துவர் ஊசி போட, மனைவி எண்களைக் குறித்துக்கொண்டார்.

கால்நடை மருத்துவர்கள் படைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வைட் தானாகவே முன்வந்து 1942 நவம்பரில் விமானப்படையில் சேர்ந்தார். விமானம் ஓட்டக் கற்றுத் தனியாகவும் பறந்தார். பழைய நோய் தலைகாட்டியதால் மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது. பறக்கத் தகுதியில்லை என்று ஓராண்டில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையே 1943 பிப்ரவரியில் மகன் ஜிம் பிறந்தார். 1947இல் மகள் ரோசி பிறந்தார். ஜிம் தந்தையின் வழியில் கால்நடை மருத்துவரானார். ரோசிக்கும் அதே ஆசைதான். பெண்ணுக்கு இது கடினமான, ஆபத்தான வேலை என்று அஞ்சிய தந்தை அவரைத் தடுத்தார். ரோசி மனிதர்களுக்கான மருத்துவரானார்.

தொழில் மாறிய காலம்

வைட் தொழிலுக்கு வந்தபோது கால்நடை மருத்துவரின் பையில் நோயை உண்மையில் குணப்படுத்தும் மருந்துகள் சொற்பம். கஷாயங்களும் களிம்புகளும் சூடு போடுவதுமே பெரும்பாலும் கைவைத்தியம். மருந்து குறைந்த இடத்தை உடல் உழைப்பு நிரப்பியது. கன்று குறுக்கே கிடந்தால் சட்டையைக் கழற்றி, சோப்பும் வெந்நீரும் கொண்டு தோள்வரை கழுவிக்கொண்டு, குளிர்ந்த தொழுவத்துக் கற்தரையில் படுத்தபடி கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்ப வேண்டும். ஈன்றபின் அடிதள்ளிய பசுவின் கருப்பையைச் சுத்தம் செய்து உள்ளே தள்ள மணிக்கணக்கில் ஆகும்.

அவர் கண்முன்னே எல்லாம் மாறியது. முதலில் சல்ஃபா மருந்துகள் வந்தன, போருக்குப் பின் பென்சிலின் வந்தது. மடிவீக்கத்திலும் நுரையீரல் காய்ச்சலிலும் சாகவேண்டிய மாடுகள் எழுந்து நின்றன. காசநோய்ச் சோதனை நாடு முழுக்க முறைப்படுத்தப்பட்டது. நோய் கண்ட பசுக்கள் கழிக்கப்பட்டன. ஏர்க்குதிரைகளின் இடத்துக்கு டிராக்டர் வந்தது. பத்துப் பன்னிரண்டு மாடுகளோடு வாழ்ந்த சிறு பண்ணைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாய் பூனை வைத்தியம் பெருகியது. வைட்டின் இளமைக் கனவு அப்படித்தான் மெல்ல நிறைவேறியது.

தொழில் அவர் உடலிலும் தடம் பதித்தது. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி அவரைத் தொற்றி, விட்டுவிட்டுக் காய்ச்சலில் தள்ளியது. 1960இல் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றார். நகைச்சுவைக்குப் பேர்போன அவர் நூல்களில் இதன் நிழல்கூட இல்லை. இறப்புக்குப் பின் மகன் எழுதிய வரலாற்றால்தான் இதை வாசகர்கள் விரிவாக அறிந்தார்கள். 1960களில் செம்மறியாடுகளோடு டேனிஷ் கப்பலில் லித்துவேனியாவுக்கும், பசுக்களோடு விமானத்தில் இஸ்தான்புல்லுக்கும் போன பயணங்களையோ அவர் பின்னாளில் விரிவாகவே எழுதினார்.

ஐம்பது வயதில் எழுத்து

அன்றன்று பண்ணைகளில் நடந்ததை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வதும், ஒருநாள் இதையெல்லாம் புத்தகமாக எழுதப்போகிறேன் என்பதும் வைட்டின் வழக்கம். ஐம்பதை எட்டியவர் புதிதாகப் புத்தகம் எழுதத் தொடங்குவதில்லை என்று ஜோன் ஒருநாள் சொன்னாராம். அதுதான் தன்னை எழுத வைத்தது என்று வைட் பல பேட்டிகளில் சொன்னார். இரவில் தொலைக்காட்சி ஓட, வீட்டார் பேச, நடுக்கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினார். கால்பந்து பற்றியும் பிறவற்றைப் பற்றியும் முதலில் எழுதிய சிறுகதைகளை இதழ்கள் திருப்பி அனுப்பின. தனக்கு உண்மையில் தெரிந்தது மாடும் மனிதர்களும்தான் என்று உணர்ந்த பிறகே அவருக்கு வழி பிறந்தது. நாவல் வடிவில் எழுதிய முதல் கைப்பிரதி ஒரு பதிப்பகத்தில் பல மாதங்கள் கிடந்து திரும்பியது. அதையே ‘நான்’ என்று தன்மையில் மாற்றி எழுதினார்.

மைக்கேல் ஜோசப் பதிப்பகம் 1970இல் ‘இஃப் ஒன்லி தே குட் டாக்’ (அவற்றுக்குப் பேச மட்டும் முடிந்தால்) என்ற நூலை வெளியிட்டது. முதல் பதிப்பு 3,000 படிகள். அடுத்த நூல் 1972இல் வந்தது. இரண்டுமே இங்கிலாந்தில் நிதானமாகத்தான் விற்றன. அமெரிக்காவில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்தின் தலைவர் டாம் மெக்கார்மக்கின் கைக்கு வந்த முதல் நூல் வாசிக்கப்படாமலே கிடந்தது. அதை எடுத்துப் படித்த அவருடைய மனைவிதான் வெளியிடத் தூண்டினார். இரு நூல்களையும் ஒன்றாக்கி, நாயகனுக்குத் திருமணம் ஆவதோடு முடியுமாறு புதிய அத்தியாயங்களைக் கேட்டு வாங்கி, ‘ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ என்ற தலைப்பில் 1972இல் அவர் வெளியிட்டார். தலைப்பு ஒரு பழைய ஆங்கிலத் துதிப்பாடலிலிருந்து வந்தது. புத்தகம் விற்பனையில் பெருவெற்றி கண்டது. தொடர்ந்த அமெரிக்கத் தொகுப்புகளும் அதே பாடலிலிருந்து பெயர் பெற்றன. வரிசையின் கடைசி நூல் 1992இல் வெளிவந்தது. சிறுவர்களுக்கான படநூல்களும் எழுதினார்.

பெயரின் கதை

சொந்தப் பெயரில் எழுதினால் அது விளம்பரமாகும் என்பது அவருடைய அச்சம். மருத்துவர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று தொழிற்கழக விதி இருந்தது. புனைபெயர் தேடிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் பர்மிங்ஹாம் சிட்டி அணி ஆடிய கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தார். கோல் காத்த ஸ்காட்லாந்து வீரர் ஜிம் ஹெரியட்டின் ஆட்டமும் பெயரும் பிடித்துப்போயின. கால்பந்துப் பிரியரான வைட், பிறந்த ஊரின் சண்டர்லாந்து அணியை வாழ்நாளெல்லாம் நேசித்தவர்.

உண்மையும் புனைவும்

நூல்களில் நாயகன் 1930களின் பிற்பகுதியில் ஊருக்கு வருகிறார். வைட் வந்தது போர் நடந்துகொண்டிருந்த 1940இல். இப்படிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதால், போருக்கு முந்தைய அமைதியையும், புதிய மருந்துகள் வருமுன் இருந்த வைத்தியத்தின் கடைசிப் பொழுதையும் பின்புலமாக்க முடிந்தது. கதை நடக்கும் ‘டாரோபி’ வரைபடத்தில் இல்லை. தெர்ஸ்க்கோடு ரிச்மண்ட், லேபர்ன், மிடில்ஹாம் முதலிய ஊர்களைக் கலந்து செய்தது. தெர்ஸ்க் சமவெளியில் உள்ளது. மலைக்காட்சிகள் மேற்கே உள்ள பள்ளத்தாக்குகளில் லேபர்ன் மருத்துவருக்கு உதவப் போனபோது அவர் கண்டவை. செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட ‘டிரிக்கி வூ’ என்ற பெக்கினீஸ் நாயின் உண்மைப் பெயர் பாம்பி.

1997இல் பத்திரிகையாளர் கிரஹாம் லார்ட் எழுதிய வரலாறு, நூல்களில் பெரும்பகுதி புனைவே என வாதிட்டது. ஜிம் வைட் 1999இல் எழுதிய ‘தி ரியல் ஜேம்ஸ் ஹெரியட்’ அதை மறுத்து, நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நடந்தவையே, காலமும் பெயரும்தான் மாற்றப்பட்டன என்றது. நூல்கள் தன்வரலாறும் அல்ல, வெறும் கற்பனையும் அல்ல. சம்பவம் மெய்யானது, அதைக் கோத்த நூல்தான் எழுத்தாளருடையது என்று கொள்வதே பொருத்தம்.

திரையில்

1975இல் வந்த திரைப்படத்தில் சைமன் வார்டும் அந்தோணி ஹாப்கின்ஸும் நடித்தனர். பிபிசி தொடர் 1978 முதல் 1990 வரை இடைவெளிகளோடு 90 பகுதிகள் ஒளிபரப்பானது. கிறிஸ்டோபர் டிமோதி, ராபர்ட் ஹார்டி, பீட்டர் டேவிசன் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். அஸ்கிரிக் கிராமம் டாரோபியாக வேடமிட்டது. 2020இல் சேனல் 5 புதிய தொடரைத் தொடங்கியது. நூல்களும் தொடர்களும் இளைஞர் பலரைக் கால்நடை மருத்துவப் படிப்பின் பக்கம் திருப்பின.

கடைசிக் காலம்

1979இல் அரசின் ஓபிஇ விருதும் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் கௌரவ முனைவர் பட்டமும் கிடைத்தன. 1970களில் வருமான வரி 83 விழுக்காடு வரை போனபோது பிரபலங்கள் பலர் வெளிநாடு சென்றனர். வைட் ஊரைவிட்டு அசையவில்லை. புகழ் வந்த பிறகும் 1980களின் பிற்பகுதிவரை மாடு பார்க்கப் போனார். மருத்துவமனை வாசலில் கையெழுத்து வாங்க வெளிநாட்டார் வரிசை கட்டினர். விவசாயிகளோ அவருடைய புத்தகத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அதுவே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

1991இல் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கண்டது. 1995 பிப்ரவரி 23 அன்று, 78ஆம் வயதில், தெர்ஸ்க்கை அடுத்த தெர்ல்பியில் தன் வீட்டில் இறந்தார். அஸ்தி, அவர் மிக விரும்பிய சட்டன் பேங்க் குன்றுச்சரிவில் தூவப்பட்டது. அக்டோபரில் யார்க் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தனர். டொனால்ட் சின்க்ளேரும் அதே ஆண்டில் மறைந்தார். பிரையன் முன்னரே, 1988இல் இறந்திருந்தார்.

நினைவு

23, கிர்க்கேட் வீடு 1999இல் ‘வேர்ல்ட் ஆஃப் ஜேம்ஸ் ஹெரியட்’ அருங்காட்சியகமானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியின் நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது. வடக்கு யார்க்‌ஷயரின் இந்தப் பகுதியைச் சுற்றுலாத் துறையினர் ‘ஹெரியட் நாடு’ என்கிறார்கள். சின்க்ளேரும் வைட்டும் நடத்திய மருத்துவமனை 1990களில் தெர்ஸ்க்கிலேயே வேறு கட்டடத்துக்கு மாறியபோது அதற்கு ‘ஸ்கெல்டேல்’ என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயரை மறைப்பதற்காக வைட் தன் வீட்டுக்குச் சூட்டிய கற்பனைப் பெயர் அது. பிறகு, தெர்ஸ்க்கில் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் விவசாயி தொலைபேசியில் கூப்பிடும் பெயராக அது பல ஆண்டுகள் இருந்தது.