எதிர்த்துப் பேசியும் மதிக்கப்பட்ட காயிதே மில்லத்

ஓசூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். தலைமுறைகளாக இங்கே வாழ்பவர்களும், சிப்காட் ஆலை வேலைக்காகக் குடியேறியவர்களும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஜமாஅத்தின் முத்தவல்லியை எல்லோரும் தம்மவராக ஏற்க வேண்டும். கப்ரஸ்தான் விஷயமாக அவர் வட்டாட்சியர் அலுவலகம் போனால் அங்கும் மதிப்பு இருக்க வேண்டும். பதவி மட்டும் இதைத் தந்துவிடாது. இதை நினைக்கும்போது நம் கண்முன் வருபவர் கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்).

1896-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீக் என்று சொல்லவே பலர் தயங்கிய நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் பொறுப்பை ஏற்றார். கூட்டம் நடந்த இடம் இன்றைய ராஜாஜி மண்டபம். நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அதே ராஜாஜியின் பெயர்தான்!

அவ்வாண்டு நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆனாலும் பதிலளித்த டாக்டர் அம்பேத்கர், விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி அச்சட்டத்தை நாடாளுமன்றம் தொடங்கலாம் என்று ஒரு வழியைச் சொன்னார். தோற்றுவிட்டோம் என்று இவரும் ஒதுங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டு மொழி விவாதத்திலும் எழுந்து தம் கருத்தை வாதாடினார். நம் ஜமாஅத் கூட்டங்களில் ஒரு தீர்மானம் தோற்றால் மறுவாரமே தனி அணி கிளம்புகிறதே!

பிறகு நடந்தது இன்னும் வியப்பு. 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. ஊரும் வேறு, மொழியும் வேறு. மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரைத் தங்கள் பிரதிநிதியாக வைத்துக்கொண்டார்கள். தமிழகத்தில் 1967-ல் தி.மு.க. அமைத்த அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் முஸ்லிம் லீகும் சேர்ந்தே இருந்தன.

1972 ஏப்ரல் 5-ல் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம். நாகப்பட்டினம் மாவட்டம் சில ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. சென்னை அண்ணா சாலையில் உள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியில் இன்றும் எல்லாச் சமுதாயப் பெண்களும் படிக்கிறார்கள்.