தேவசபையிலிருந்து தனித்த இறைவன் வரை: இஸ்ரவேலரின் ஓரிறைக் கொள்கை உருவான வரலாறு

பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வங்களே கிடையாது என்று அறிவிப்பதில்லை. அவற்றை வணங்கக் கூடாது என்றே இஸ்ரவேலருக்கு ஆணையிடுகிறது (யாத்திராகமம் 20:3). ஏசாயாவின் 45ஆம் அதிகாரத்திலோ, தம்மையன்றி வேறு தெய்வம் இல்லை என்று கடவுள் மீண்டும் மீண்டும் முழங்குகிறார். அந்த ஆணைக்கும் இந்த முழக்கத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகளின் வரலாறு கிடக்கிறது. 'எமக்கு ஒருவரே' என்பது ஓரிறை வழிபாடு. 'இருப்பவரே ஒருவர்தான்' என்பது ஓரிறைக் கொள்கை. முன்னது பின்னதாக மாறிய வழியை விவிலியப் பாடங்களையும் தொல்லியல் சான்றுகளையும் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாட்டையும் கோயிலையும் இழந்தவர்கள் தங்கள் தோல்விக்குப் பொருள் தேடியபோதுதான் அந்த மாற்றம் முழுமை பெற்றது என்பது என் முடிவு.

இதைப் பற்றிய விவாதம் நெடுநாளையது. ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட இஸ்ரவேல் வரலாற்று நூல், அம்மக்களின் சமயம் படிப்படியாக வளர்ந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. யெகெஸ்கேல் கௌஃப்மன் இதை முற்றாக மறுத்தார். மோசேயின் காலம் முதலே இஸ்ரவேலர் ஓரிறைக் கொள்கையினர் என்று நிறுவ எபிரேய மொழியில் பல தொகுதிகள் எழுதினார். அமெரிக்கரான ஆல்பிரைட்டும் 1940இல் வந்த தம் நூலில் மோசேயையே தொடக்கமாகக் காட்டினார். பின்னர் கிடைத்த சான்றுகளைத் தொகுத்து மார்க் எஸ். ஸ்மித் 1990லும் 2001லும் எழுதிய நூல்கள் விவாதத்தை வளர்ச்சிக் கருத்தின் பக்கம் திருப்பின. ஆயினும் கௌஃப்மன் சுட்டிய ஒன்றை யாரும் தள்ளிவிட முடியாது: விவிலியத்தில் இஸ்ரவேலரின் கடவுளான யாவேக்குப் பிறப்புக் கதை இல்லை, அவர் மூத்த தெய்வம் ஒன்றை வீழ்த்தி அரியணை ஏறிய கதையும் இல்லை.

இந்திய வாசகருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ரிக் வேதப் பாடல்களை ஆராய்ந்த மாக்ஸ் முல்லர், பாடப்படும் தெய்வம் எதுவோ அதுவே அப்போதைக்கு முதன்மை பெறும் ஒரு வழிபாட்டு முறையை விளக்கினார். அதே அளவுகோலை இஸ்ரவேலுக்கும் வைப்போர் உண்டு. அது பொருந்தாது. வேதப் புலவர் இந்திரனைப் பாடி அடுத்து வருணனைப் பாடலாம். இஸ்ரவேல் புலவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை.

தேவசபை

சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா அருகே 1928இல் உழவர் ஒருவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் இடறியது. அடுத்த ஆண்டு குளோது ஷேஃபர் அங்கே தொடங்கிய அகழாய்வு, உகரித்து என்னும் பண்டை நகரை வெளிக்கொணர்ந்தது. அங்கே கிடைத்த களிமண் ஏடுகளில் எல் என்னும் முதிய தெய்வம் தேவசபைக்குத் தலைவர். அதிராத்து அவருடைய துணைவி. அவளுக்கு எழுபது பிள்ளைகள். பாகால் புயலின் தெய்வம். பெரும்பாலும் விவிலியத்தின் வழியாக, அதுவும் பகைவர் வாய்ச் சொல்லாகவே அறியப்பட்டிருந்த கானானியச் சமயம் முதன்முறையாகத் தன் குரலில் பேசியது.

அந்த எல் இஸ்ரவேலருக்கு அயலார் அல்லர். 'இஸ்ரவேல்' என்ற பெயரிலேயே எல் இருக்கிறார். அப்பெயர் கி.மு. 1208 அளவில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா வெட்டுவித்த கல்லிலேயே காணப்படுகிறது. முன்னோருக்குத் தாம் வேறு பெயரில் வெளிப்பட்டதாகவும் யாவே என்னும் பெயர் அவர்களுக்குத் தெரியாது என்றும் கடவுளே மோசேயிடம் சொல்வதாக யாத்திராகமம் (6:3) பதிவு செய்கிறது. எல் வழிபாடும் யாவே வழிபாடும் ஒரு கட்டத்தில் ஒன்றாகக் கலந்தன என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று விவிலியத்துக்குள் கிடையாது.

தேவசபையும் விவிலியத்தில் இருக்கிறது. 1 இராஜாக்கள் 22இல் தீர்க்கதரிசி மிகாயா, யாவே அரியணையில் வீற்றிருக்க வானோர் படை இருபுறமும் நிற்பதைக் காண்கிறார். யோபு நூலின் தொடக்கத்தில் தேவபுத்திரர் கடவுளின் முன் வந்து நிற்கின்றனர். எல்லாவற்றிலும் முக்கியமானது உபாகமம் 32இலுள்ள பழைய பாடலின் ஒரு பகுதி (32:8–9). உன்னதமானவர் இனங்களுக்கு நிலத்தைப் பங்கிட்டபோது ஒரு கணக்கின்படி எல்லை வகுத்தார் என்றும், யாவேயின் பங்கு யாக்கோபு என்றும் அது சொல்கிறது. எந்தக் கணக்கு? நம் கையிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மரபான எபிரேயப் பாடத்தைப் பின்பற்றி இஸ்ரவேல் புத்திரரின் தொகை என்கிறது. இஸ்ரவேல் என்ற இனமே தோன்றாத காலத்தில் அந்தத் தொகையை வைத்து உலகைப் பங்கிட்டது எப்படி? சாக்கடல் அருகே கும்ரானில் 1952இல் கண்டறியப்பட்ட 4ஆம் குகையின் தோல்சுவடித் துண்டு விடை தந்தது. அதில் இருப்பது தேவபுத்திரர் என்ற பாடம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் பல படிகளில் தேவதூதர் என்று இருப்பதற்கும் காரணம் விளங்கியது. பழைய பாடல் சொன்னது இது: இனத்துக்கு ஒரு தெய்வம், இஸ்ரவேலுக்கு யாவே. பின்வந்த எழுத்தர் எவரோ இதை ஏற்க முடியாமல் திருத்தியிருக்கிறார். உன்னதமானவரும் யாவேயும் இப்பாடலில் இருவரா ஒருவரா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இருவர் என்கிறார் ஸ்மித். உபாகமத்தின் இறுதி வடிவத்தை அமைத்தவர்கள் ஒருவராகவே கொண்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தந்த நாட்டுக்கு அந்தந்தத் தெய்வம்

இப்பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல இடங்கள் தெளிவாகும். அம்மோனியரிடம் பேசும் யெப்தா, காமோஸ் தெய்வம் கொடுத்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், யாவே கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்ற தொனியில் வழக்குரைக்கிறார் (நியாயாதிபதிகள் 11:24). சவுலால் துரத்தப்பட்ட தாவீது, நாட்டை விட்டு விரட்டுவதை வேற்றுத் தெய்வங்களைச் சேவிக்கச் சொல்வதற்கு ஒப்பாகக் கருதுகிறார் (1 சாமுவேல் 26:19). சிரியத் தளபதி நாகமான் யாவேயைத் தன் ஊரில் வணங்க இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண்ணைக் கேட்டு வாங்கிச் செல்கிறான் (2 இராஜாக்கள் 5:17).

2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம் இன்னும் துணிவானது. மோவாபின் மீது வெற்றி உறுதி என்று எலிசா முன்னுரைத்திருந்தார். முற்றுகையில் சிக்கிய மோவாபிய மன்னன் தன் மூத்த மகனை மதிலின் மேல் பலியிடுகிறான். உடனே இஸ்ரவேலர் மீது பெருங்கோபம் மூண்டது, அவர்கள் திரும்பிப் போனார்கள் என்று அதிகாரம் முடிகிறது. யாருடைய கோபம் என்று அது சொல்லவில்லை. மோவாபின் தெய்வமான காமோஸின் கோபம் என்பதே நேரான பொருள்.

அதே மோவாபிய மன்னன் மேஷாவின் கல்வெட்டு 1868இல் இன்றைய யோர்தானின் திபானில் கிடைத்தது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காமோஸ் தன் நாட்டின் மேல் சினம் கொண்டிருந்ததால் இஸ்ரவேல் மன்னன் ஒம்ரியால் மோவாபை ஒடுக்க முடிந்தது என்கிறான் மேஷா. பிறகு காமோஸ் மனமிரங்கியபோது நேபோ நகரைப் பிடித்து, யாவேயின் பொருள்களைக் காமோஸின் முன் இழுத்துவந்ததாகப் பெருமை பேசுகிறான். பெயர்களை மாற்றினால் இது நியாயாதிபதிகள் நூலின் ஒரு பகுதியாகவே படிக்கப்படும். தோற்றால் அது நம் தெய்வத்தின் கோபம் என்ற விளக்கம் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் இரு நாட்டாரின் இறையியலும் ஒரே தளத்தில் நின்றன.

உள்நாட்டு வழிபாட்டிலும் யாவே தனித்திருக்கவில்லை. சீனாய்ப் பகுதியின் குந்திலத் அஜ்ருதில் 1975–76இல் சேவ் மெஷெல் நடத்திய அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த பெருஞ்சாடிகளில், யாவேயின் பெயராலும் அவருடைய அசேராவின் பெயராலும் வாழ்த்துகள் எழுதப்பட்டிருந்தன. அசேரா இங்கே தேவியா, வழிபாட்டு மரத்தூணா என்பது தீரவில்லை. ஆனால் எருசலேம் ஆலயத்துக்குள் அசேராவின் உருவம் இருந்ததையும், கி.மு. 622இல் மன்னன் யோசியா அதை வெளியேற்றி எரித்ததையும் 2 இராஜாக்கள் 23 மறைக்காமல் சொல்கிறது. தீர்க்கதரிசிகளான எலியாவும் ஓசியாவும் வற்புறுத்திய 'யாவே மட்டும்' என்ற கோரிக்கை அந்த அரசனின் கையில் சட்டமானது. அப்போதும் அது வழிபாட்டைப் பற்றிய சட்டமே.

பாபிலோன்

கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. அக்காலத்து வழக்குப்படி இதற்கு இரண்டே விளக்கங்கள் இருந்தன. பாபிலோனின் தெய்வமான மர்துக் யாவேயை வென்றுவிட்டார் என்பது ஒன்று. மேஷாவின் விளக்கம் மற்றொன்று: நம் தெய்வம் நம்மேல் கோபமாக இருக்கிறார். இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, மேஷா போகாத தொலைவுக்குப் போனார்கள். ஒம்ரியைக் காமோஸ் அனுப்பினார் என்றோ அவன் காமோஸின் ஊழியன் என்றோ மேஷா சொல்லவில்லை. எரேமியாவோ நேபுகாத்நேச்சாரைக் கடவுளின் ஊழியன் என்கிறார். அதற்கு முன்பே ஏசாயா அசீரியாவை யாவேயின் கைக்கோல் என்றார். பகைவனின் பேரரசே நம் கடவுளின் கருவி என்றால், அப்பேரரசின் தெய்வங்களுக்குச் செய்ய என்ன வேலை மிஞ்சும்? இந்தக் கேள்வியில்தான் ஓரிறைக் கொள்கை கருக்கொண்டது.

ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள் நாடுகடத்தப்பட்டோரிடையே எழுந்தவை என்று 1892இல் பெர்ன்ஹார்ட் டூம் வெளியிட்ட விளக்கவுரைக்குப் பின் பரவலாக ஏற்கப்பட்டது. பெயர் தெரியாத அந்தத் தீர்க்கதரிசி தெய்வங்களை வழக்குமன்றத்துக்கு அழைக்கிறார். நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லச் சான்று கொண்டுவாருங்கள் என்கிறார். பதில் இல்லை. நீங்கள் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு விழுகிறது (41:21–24). 46ஆம் அதிகாரத்தில் பேல், நேபோ என்னும் பாபிலோனியத் தெய்வங்களின் சிலைகளைச் சுமந்து விலங்குகள் களைத்துப்போகின்றன. யாவேயோ தம் மக்களைக் கருவிலிருந்து நரைவரை தாமே சுமப்பதாகச் சொல்கிறார். தோற்ற ஓர் இனத்தின் வாயிலிருந்து இத்தனை பெரிய நம்பிக்கை பிறந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். பாபிலோனில் 1879இல் ஹொர்முஸ்ட் ரஸ்ஸாம் கண்டெடுத்த களிமண் உருளை, உலகையெல்லாம் தேடி மர்துக் கோரேசைத் தேர்ந்தெடுத்ததாகக் கூறுகிறது. ஏசாயா 45:1 அதே கோரேசை யாவேயால் அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்கிறது. ஒரே அரசனுக்கு இரண்டு தெய்வங்களின் உரிமைகோரல். மர்துக்கின் பூசகர்கள் வெற்றியாளனின் நிழலில் எழுதினார்கள். இந்தத் தீர்க்கதரிசிக்குக் கோயிலும் இல்லை, அரசும் இல்லை.

இந்த அதிகாரங்கள் ஓரிறைக் கொள்கையைப் பேசுகின்றன என்பதை மறுக்கும் வாதம் ஒன்று உண்டு, அதற்கு வலுவும் உண்டு. ஏசாயா 47:8இல் பாபிலோன் நகரமும், செப்பனியா 2:15இல் நினிவேயும், தன்னையன்றி யாரும் இல்லை என்று பேசுகின்றன. வேறு நகரங்களே உலகில் இல்லை என்பது அதன் பொருளாக இருக்க முடியாது. தனக்கு நிகரில்லை என்பதே பொருள். கடவுளின் கூற்றையும் அப்படியே கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். அந்தத் தொடர் மட்டும் இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் 44ஆம் அதிகாரம், மரத்தின் பாதியை விறகாக்கிக் குளிர்காய்ந்து மறுபாதியைத் தெய்வமாக்குகிறவனை விவரிக்கிறது. அங்கே நிகர் பார்க்க எதிரே தெய்வமே இல்லை, கட்டைதான் இருக்கிறது.

சங்கீதம் 82ஐ இந்த மாற்றத்தின் நடுவே வைத்துப் படிக்க வேண்டும். தேவசபையில் எழுந்துநிற்கும் கடவுள், ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நீதி செய்யத் தவறியதற்காகத் தெய்வங்களைக் குற்றம் சாட்டி, மனிதரைப்போல் சாவீர்கள் என்று தீர்ப்பளிக்கிறார். இத்தெய்வங்கள் மனித நீதிபதிகளே என்று விளக்குவது நெடுங்கால மரபு. மனிதருக்கு மனிதரைப்போல் சாவது எப்படித் தண்டனையாகும்? உபாகமம் 32இல் இனங்களைப் பெற்றவர்கள் இங்கே பதவி இழக்கிறார்கள். எல்லா இனங்களும் கடவுளுக்கே உரியவை ஆகின்றன. அவர்கள் பதவி இழந்ததற்குக் காரணம் வலிமைக் குறைவு இல்லை, அநீதி. விவிலியம் முழுவதிலும் எனக்கு மிக உயர்வாகத் தோன்றும் எண்ணம் இது.

அதன் பிறகு

எல்லாரும் இந்தப் பாதையில் வரவில்லை. எகிப்தின் எலிபந்தைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் படைக்குடியினர் யாகோ என்ற பெயரில் யாவேக்குக் கோயில் வைத்திருந்தனர். காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகோவோடு எஷெம்-பெத்தேல், அனாத்-பெத்தேல் என்ற தெய்வங்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

எருசலேம் மரபிலும் பழைய தேவபுத்திரர் அழிந்துபோகவில்லை. அவர்களின் நிலை இறங்கியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இறுதி வடிவம் பெற்ற தானியேல் நூலில் பாரசீகத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஆளுக்கொரு வானுலக அதிபதி இருக்கிறான், இஸ்ரவேலுக்கு மிகாவேல் (10:13–21). பங்கீடு அதுவே, பங்காளிகள் தூதர்களாகிவிட்டனர். கொரிந்தியருக்கு எழுதும் பவுலும், தேவர்கள் என்றும் கர்த்தர்கள் என்றும் சொல்லப்படுவோர் பலர் இருந்தாலும் நமக்குப் பிதா ஒருவரே, கர்த்தர் ஒருவரே என்கிறார் (1 கொரிந்தியர் 8:5–6). இரண்டு அதிகாரம் கழித்து, சிலைகளுக்குப் படைப்பது பேய்களுக்குப் படைப்பது என்கிறார்.

ஓரிறைக் கொள்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 1660இல் ஹென்றி மோரின் எழுத்தில்தான் முதலில் காணப்படுகிறது. அந்த அளவுகோலோடு விவிலியத்திடம் போய் ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்பது முறையாகாது. தமிழில் விவிலியம் கற்பிப்போருக்கும் பிரசங்கிப்போருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. உபாகமம் 4ஆம் அதிகாரத்தில் 19ஆம் வசனம், சூரியனையும் சந்திரனையும் விண்மீன்களையும் மற்ற இனங்களுக்குக் கடவுளே பங்கிட்டார் என்கிறது. 35ஆம் வசனம் அவரையன்றி வேறொருவர் இல்லை என்கிறது. தொகுத்தவர்கள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். நீங்களும் இரண்டையும் சபையில் வாசியுங்கள்.